காரிடார் கறிவேப்பிலைக்கு என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

சிங்கப்பூர் அங் மோ கியோவில் ஒன்பதாவது மாடி, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வாசல். பதினொரு வருடமாக அங்கே தொட்டி வைத்திருக்கிறேன். கறிவேப்பிலையில் தொடங்கியது, பிறகு மிளகாய், பாண்டான், கத்தரி, பாகல் என்று சேர்ந்தது. ரசம் தாளிக்கும்போது வாசல்வரை போய் ஓர் ஈர்க்கு கிள்ளி வந்து எண்ணெயில் போட்டுப் பழகிவிட்டால், தேக்கா சந்தையில் வாங்கிக் குளிர்பெட்டியில் கறுத்துப் போகும் கட்டு பிடிக்காது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சீரியல் இறால் செய்யும் நாளில் எங்கள் தொட்டியிலிருந்துதான் இலை போகும். மூலை வீட்டு மக்சிக் (மலாய்ப் பெரியம்மா) நாசி லெமாக் சோற்றுக்குப் பாண்டான் பறித்துக்கொள்வார்.

மாடியில் யார் செடி வாடினாலும் என்னிடம் வருகிறார்கள். பாதிப் பேர் கையில் ஒரு மருந்துப் புட்டி இருக்கும். அதைத் திறக்க வேண்டிய அவசியம் அநேகமாக வருவதே இல்லை. தண்ணீர், வெயில், வேர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் கோளாறாக இருக்கும்; அதைச் சரிசெய்யக் காசே வேண்டியதில்லை. அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் எழுதுகிறேன். அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

## எதையும் செய்யுமுன் மூன்று சோதனை

சாத்தே குச்சி. தண்டுக்கும் தொட்டி ஓரத்துக்கும் நடுவில் ஒரு சாத்தே குச்சியை (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி) அடிவரை குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி முழுக்க நனைந்து மண் ஒட்டியிருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். அடிப்பகுதி மட்டும் ஈரம் என்றால் நாளை ஊற்றலாம். முழுவதும் காய்ந்திருந்தால் இப்போதே ஊற்றுங்கள். மேல்மண்ணைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. காரிடார் காற்றில் மேல் அங்குலம் காய்ந்து கிடக்கும், அடியில் சேறாக இருக்கும்.

தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் ஊற்றிய உடனே ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். எடை குறையவே இல்லை என்றால் வேர் குடிக்கவில்லை.

வெயில் கணக்கு. ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணி முதல் மாலை 6 மணிவரை மணிக்கொரு படம் கைப்பேசியில் எடுங்கள். இலைமீது நேரடி வெயில் விழும் படங்களை எண்ணுங்கள். கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் குறைந்தது நான்கு படம் வேண்டும். ஆறு கிடைத்தால் மிக நல்லது. “வெளிச்சமாகத்தான் இருக்கிறது” என்பது கணக்கில் சேராது. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்குப் பட்டினியாக இருக்கலாம்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் முதல் கேள்வி. அடி இலையா, நுனித் துளிரா, எல்லாமா?

### அடி இலைகள் மட்டும் மஞ்சள்

வாரத்துக்கு ஓரிரு இலை உதிர்ந்தால் அது வயது, விட்டுவிடுங்கள். கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் பசி. கடைசியாக எப்போது உரம் போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொட்டி மண்ணில் இருக்கும் சத்து சில மாதங்களில் கரைந்து வெளியேறிவிடும். 30 செ.மீ. தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மாதம் ஒருமுறை. மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. மூன்று வாரம் பொறுத்துப் புதுத் துளிரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறைவு. எப்சம் உப்பு, லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ஊற்றினால் போதும்.

### நுனித் துளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சை

இது இரும்புச் சத்து வேருக்கு எட்டாத நிலை. இரும்பை வாங்கி ஊற்றுவதற்குமுன் சாத்தே குச்சியைக் குத்துங்கள். மண் சொதசொதவென்று இருந்தால், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. முதலில் தண்ணீரைக் குறையுங்கள். மண் சரியாக இருந்தால், முட்டை ஓடும் சாம்பலும் நிறையப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் மண்ணின் புளிப்பைப் போக்கிக் காரத்தன்மையாக்கும். கறிவேப்பிலைக்குச் சற்றே புளிப்பான மண்தான் பிடிக்கும்.

புளித்த மோர் ஊற்றுவது நம் வீட்டுப் பெரியவர்கள் செய்த வழி. எனக்கும் பலன் கொடுத்திருக்கிறது. ஆனால் இங்கே வாசல்கள் நெருக்கமாக இருப்பதால் சில நிபந்தனைகள் உண்டு. வெண்ணெய் எடுத்த மோராக இருக்க வேண்டும், உப்பு ஒரு கல்கூட இருக்கக் கூடாது, ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர், ஊற்றிய பின் மேலே ஒரு விரற்கடை காய்ந்த மண் தூவ வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் மாடி முழுக்க வாடை அடிக்கும். மீன் கழுவிய தண்ணீரை இதே காரணத்துக்காக ஊற்ற வேண்டாம் என்பேன். கரப்பான்பூச்சியும் கூடவே வரும்.

மோரும் கேட்கவில்லை என்றால்தான் செடிக்கடையில் விற்கும் கீலேட் வகை இரும்பு உரம்.

### இலை நுனி கருகுகிறது, மண்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது

இது காரிடார் செடிக்கே உரிய நோய். கூரைக்கு உள்ளே இருப்பதால் மழை மண்ணைக் கழுவுவதில்லை. போட்ட உரத்தின் உப்பெல்லாம் தங்கிவிடுகிறது. தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்று, தொட்டியின் கொள்ளளவுபோல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் இந்த அறிகுறி வரவே வராது.

குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்து ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. சிங்கப்பூர்க் குடிநீரில் இருப்பது குளோரமின். அது ஒரு ராத்திரியில் பறந்துபோகாது, அந்த அளவு செடியைக் கெடுப்பதும் இல்லை. குழாயிலிருந்து நேராக ஊற்றுங்கள்.

### எப்போது கேட்க வேண்டும்

மேலே சொன்னதைச் செய்து ஆறு வாரமாகியும் புதுத் துளிர் மஞ்சளாகவே வந்தால், ஒரு கிளையையும் ஒரு பிடி வேர்மண்ணையும் மூடிய பையில் போட்டு நல்ல செடிக்கடைக்குக் கொண்டுபோங்கள். படம் மட்டும் காட்டினால் அவர்களாலும் ஊகிக்கத்தான் முடியும்.

## மண் ஈரமாக இருக்கிறது, செடியோ தலை தொங்குகிறது

நான்காவது மாடி அக்கா ஒருவர் இப்படித்தான் வந்தார். “தம்பி, ஒரு நாள் விடாம காலையும் சாயங்காலமும் ஊத்துறேன், வாடுதே பாரு.” வாடுகிறதே என்று மேலும் ஊற்றியிருந்தார். வேருக்கு மூச்சு முட்டினாலும் செடி தாகத்தில் வாடியதுபோலத்தான் தெரியும்.

வரிசையாகப் பாருங்கள். தட்டில் தண்ணீர் நிற்கிறதா? கொட்டுங்கள். தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா? சாப்பிடும் குச்சியால் குத்தித் திறந்து, தொட்டியை மூன்று செங்கல்மேல் ஏற்றுங்கள். அழகுக்காக வாங்கிய வெளித்தொட்டியில் ஓட்டையே இல்லாமல் இருக்கிறதா? உள்தொட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு குச்சி காயும்வரை ஒரு சொட்டும் வேண்டாம், உரமும் வேண்டாம். பாதிச் செடிகள் இதிலேயே எழுந்துவிடும்.

ஒரு வாரத்தில் எழவில்லை என்றால் மண்ணை முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை அடித்தால் பிடுங்க வேண்டியதுதான். கையில் உறுதியாக இருக்கும் வேர் உயிரோடு இருக்கிறது. இழுத்தால் உறைபோல வழுக்கி வரும் வேர் செத்தது. செத்ததை வெட்டுங்கள். மிஞ்சிய வேருக்குத் தகுந்த சிறிய தொட்டியில் புது மண்ணில் நடுங்கள். நான் போடும் கலவை: பை மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணை லேசாக்கும் வெள்ளைக் குருணை) ஒரு பங்கு. மேலே மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கத்தரித்துவிட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள்.

இலை முழுக்கக் கொட்டிவிட்டதா? தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பச்சை தெரியாவிட்டாலும் கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக்கன்று விடும் செடி; இரண்டு மாதம் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அந்த அக்காவின் தொட்டியில் நாற்பது நாள் கழித்து ஓரத்திலிருந்து ஒரு செந்துளிர் வந்தது. இப்போது அவர் இடுப்புயரம் இருக்கிறது.

## மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. உரத்துக்கு ஓடாதீர்கள், இதற்கு விடை பெரும்பாலும் மேலே வானத்தில் இருக்கிறது.

### தொட்டி தரையில் இருக்கிறதா?

காரிடார் கட்டைச்சுவர் ஏறக்குறைய நெஞ்சுயரம். தரையில் வைத்த தொட்டி அதன் நிழலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். உறுதியான ஒரு முக்காலியில் ஏற்றினாலே சில இடங்களில் இரண்டு மணி நேர வெயில் கூடும். ஏற்றும்போது இரண்டு விஷயம். கட்டைச்சுவரின் மேலேயோ வெளிப்பக்கமோ எதையும் வைக்காதீர்கள். ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் கீழே நடப்பவரின் உயிர் போகும். நடைபாதையில் 1.2 மீட்டர் அகல வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும்; தீ விபத்தில் தள்ளுப்படுக்கையும் மனிதர்களும் போகும் வழி அது. அளவுநாடாவை வைத்து அளந்துவிடுங்கள்.

### ஆறு மாதம் நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் சோர்கிறதா?

உங்கள் காரிடார் எந்தத் திசையைப் பார்க்கிறது? நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகை வடக்கே இருக்கிறோம். மார்ச், செப்டம்பர் கடைசியில் சூரியன் தலைக்கு மேல். ஜூனில் வடக்கே சாய்ந்து போகும், டிசம்பரில் தெற்கே. வடக்குப் பார்த்த வாசலுக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வெயில், பிறகு இல்லை. தெற்குப் பார்த்த வாசலுக்கு அக்டோபரில் தொடங்கும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவ மேகம் பாதியைப் பறித்துக்கொள்ளும். கிழக்கும் மேற்கும் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஆண்டு முழுக்க அரைநாள் வெயில் உண்டு. மேற்கு வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வைத்தால் மட்டும் வேர் வேகும். வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

வெயில் இல்லாத அரையாண்டில் தண்ணீரையும் உரத்தையும் பாதியாகக் குறைத்துச் செடியை ஓய்வெடுக்க விடுங்கள். அதில் கோளாறு எதுவும் இல்லை. புகைமூட்டம் வரும் வாரங்களிலும் இதேதான், கூடவே ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிட வேண்டும்.

### ஒரே தொட்டியில் எத்தனை தண்டு?

கடையில் புதர்போலத் தெரியும் சின்னத் தொட்டியில் சில சமயம் எட்டுப் பத்து நாற்றுகள் நெருக்கியடித்து நிற்கும். ஒன்றையொன்று சாப்பிடவிடாது. மண்ணை நனைத்து, மெதுவாகப் பிரித்து, தொட்டிக்கு ஒன்றிரண்டாக நடுங்கள். பிரித்த இரண்டு வாரம் வாடும், பயப்பட வேண்டாம்.

### வேர் தொட்டியைச் சுற்றிவிட்டதா?

அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்த்தாலோ, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் பக்கவாட்டில் ஓடினாலோ தொட்டி போதவில்லை. 30 செ.மீ. தொட்டியிலிருந்து 40 செ.மீ. தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பீப்பாய்க்குத் தாவினால் மண் காயாது, ‘மண் ஈரமாக இருக்கிறது’ என்ற தலைப்புக்குத் திரும்பிவிடுவீர்கள். மேலும் பெரிய தொட்டி வைக்க இடமில்லை என்றால், வேர்ப்பந்தின் ஓரத்தை இரண்டு விரல் அகலம் சீவி, அதே தொட்டியில் புது மண்ணோடு வையுங்கள்.

### பறிக்கும் விதம்

இலையை மட்டும் உருவி எடுத்தால் குச்சி ஒற்றையாக மேலே ஏறிக்கொண்டே போகும். நுனியோடு சேர்த்து ஒரு கணுவுக்கு மேல் கத்தரியுங்கள். அங்கிருந்து இரண்டு கிளை பிரியும். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள். விதை வேண்டுமானால் ஒரு கொத்தை விடுங்கள், கறுத்துப் பழுத்தவுடன் விதைத்துவிடுங்கள். காயவைத்த விதை முளைப்பது அரிது.

### எல்லாம் சரி, இடத்தில்தான் வெயிலே இல்லை

எதிர்ப் புளோக் மறைக்கும் வாசலுக்கு மருந்து கிடையாது. பாண்டான் வையுங்கள், அது நிழலிலும் வரும். கறிவேப்பிலை வேண்டுமென்றால் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் சேரலாம், அல்லது தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு பாத்தி ஏறக்குறைய 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். ஊரிலிருந்து வேரோடு கன்று கொண்டுவரும் எண்ணம் வேண்டாம். அனுமதிச்சீட்டும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் அதைக் கொண்டுவரக் கூடாது. கூடவே வரும் பூச்சி மாடி முழுவதன் செடிகளையும் கெடுக்கும்.

## துளிர் சுருள்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது

எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்பு வருவது இனிப்புக் கழிவைக் குடிக்க. அதைக் கொடுக்கும் பூச்சி எங்கோ ஒட்டியிருக்கிறது. இலையைத் திருப்பிப் பாருங்கள்.

பச்சையோ கறுப்போ பொடிப்பொடியாக: அசுவினி. விரலால் நசுக்கி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மூன்று நாள் தொடர்ந்தால் போய்விடும்.

பஞ்சுபோல வெள்ளை: மாவுப்பூச்சி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். தண்டும் இலையும் சேரும் இடுக்கை விடாதீர்கள்.

தண்டில் பழுப்பு மரு போல: செதில் பூச்சி. பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுங்கள்.

துளிரில் வெள்ளை நூல் சுருள் தொங்குகிறது, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சின்னப் பூச்சி உட்கார்ந்திருக்கிறது: இதுதான் சில்லிட். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம் என்பதால் அந்தக் குடும்பத்துப் பூச்சியெல்லாம் இதற்கும் உறவு. சீனப் புத்தாண்டு முடிந்ததும் காரிடாரில் மறந்துவிடப்படும் கும்குவாட் மரங்களைப் பாருங்கள், அக்கம்பக்கத்து லிமாவ் கஸ்தூரியை (சின்ன எலுமிச்சை) பாருங்கள். உங்கள் செடியில் மட்டும் அழித்தால் அங்கிருந்து திரும்பி வரும். நான் அந்த வீட்டுக்காரர்களோடு பேசி, ஒரே ஞாயிறு எல்லாத் தொட்டியிலும் பாதிக்கப்பட்ட துளிர்களை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். அதற்குப் பின்தான் அடங்கியது.

இலைமேல் கரி பூசியதுபோல: பூச்சிக் கழிவில் வளரும் பூசணம். துடைத்தால் வந்துவிடும். பூச்சி போனால் இதுவும் போகும்.

இலை மங்கி, ஊசிமுனைப் புள்ளிகள், நுண்ணிய வலை: செஞ்சிலந்தி. மழை படாத காரிடாரில் இது செழிக்கும். இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் இருமுறை தண்ணீர் பீய்ச்சுவது மருந்தைவிட மேல்.

கையால் முடியாதபோது வேப்பெண்ணெய். லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். ஒரே இலையில் அடித்து ஒரு நாள் பார்த்த பிறகு மாலையில் முழுச் செடிக்கும் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும். ஆறு நாள் இடைவெளியில் மூன்று முறை. அடித்த மூன்று நாளுக்கு இலை பறிக்காதீர்கள், பிறகும் நன்றாகக் கழுவுங்கள். இல்லாவிட்டால் சாம்பாரில் கசப்பு இறங்கும்.

இதற்கு மேல் வீரியமான இரசாயனம் தேவை என்று தோன்றினால் நிறுத்துங்கள். அது பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கும் பாதை, நாம் தின்னும் இலை. செடியை அடியோடு வெட்டிவிட்டுத் துளிர்க்க விடுவதே மலிவு. பல வீடுகளுக்குப் பரவியிருந்தால் நகர மன்றத்திடம் சொல்லி, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளை வரவழையுங்கள். தேன்கூடு கட்டியிருந்தால் எதையும் அடிக்காமல், நெருங்காமல், உடனே தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள்.

## ராத்திரியோடு ராத்திரியாக இலை காணாமல் போகிறது

இலையின் விளிம்பு அரைவட்டமாகக் கடிக்கப்பட்டு, கீழே கறுப்பு உருண்டைகள் கிடந்தால் கம்பளிப்பூச்சி அல்ல, வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறுபுழு பறவை எச்சம்போல இருக்கும், பெருத்தபின் பச்சை. தொட்டால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி வாடை விடும். கையால் எடுத்துவிடுங்கள். என் செடி பெரிதான பிறகு ஒரு கிளையை அதற்கென்றே விட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பேரக்குழந்தைகள் கூட்டுப்புழு வெடிப்பதைப் பார்க்க வருகிறார்கள்.

வெள்ளிக் கோடுபோல வழவழப்புத் தடம் இருந்தால் நத்தை அல்லது ஓடில்லாத நத்தை. ஒன்பதாவது மாடிக்கும் வரும், கடை மண்ணோடு முட்டையாக வந்துவிடும். இரவு 10 மணிக்கு விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், ஆப்பிரிக்கப் பெருநத்தை போன்றவை மூளையைத் தாக்கும் எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடும். நத்தை வரும் நாட்களில் பறிக்கும் கீரையைப் பச்சையாகத் தின்ன வேண்டாம்.

பொறுக்கியும் தீராவிட்டால் பீர்ப் பொறி. என் மைத்துனர் வீட்டில் பீர் காய்ச்சுகிறார். சொந்த உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, 18 வயது நிரம்பியவர்கள் உரிமமில்லாமல் செய்யச் சுங்கத்துறை அனுமதிக்கிறது. விற்கக் கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயமாக்கக் கூடாது. பீரைப் புட்டியில் நிரப்பிய பிறகு அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை எனக்குத் தந்துவிடுவார். தயிர்க் கிண்ணத்தில் இரண்டு விரல் ஊற்றி, விளிம்பு மண்ணுக்குச் சற்று மேலே இருக்கும்படி புதைத்தால், புளித்த வாடைக்கு வந்து விழுந்துவிடும். காலையில் கிண்ணத்தைக் கொட்டிவிடுங்கள். அவர் தரும் தானியச் சக்கையை மட்டும் நேராகத் தொட்டியில் போடாதீர்கள். சூடேறி, நாறி, ஈ மொய்க்கும். காய்ந்த இலையோடு கலந்து மூடிய வாளியில் மக்கிய பிறகுதான் உரம். கோப்பிக்கடைத் தூளுக்கும் இதே விதி. நம் ஊர்க் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். அந்தச் சக்கை மண்மேல் ஆடைகட்டிப் பூசணம் பிடிக்கும்.

## மிளகாய்: பூ நிற்கவில்லை, இலை சுருண்டிருக்கிறது

பூ உதிர்கிறது. வெயில் கணக்கு நான்குக்குக் கீழே என்றால் அதுவே காரணம். செடி கரும்பச்சையாகத் தழைத்துப் பூ மட்டும் கொட்டினால் தழைச்சத்து அதிகம், உரத்தை நிறுத்துங்கள். மற்றபடி காலை 9 மணிவாக்கில் கிளையை விரலால் சுண்டிவிடுங்கள், மகரந்தம் தானே விழும். குடைமிளகாய் நட்டிருந்தால் கைவிடுங்கள். நம் இரவு வெப்பத்தில் அதற்குப் பூ தங்குவது கடினம். சம்பலுக்கு அரைக்கும் சிலி பாடி என்ற சிறுமிளகாய்க்கு இந்தக் கவலை இல்லை.

இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருள்கிறது. வெள்ளைத்தாளில் தட்டுங்கள். ஊசிபோல ஓடினால் இலைப்பேன், வேப்பெண்ணெய் முறை.

கீழ்நோக்கிச் சுருண்டு குறுகி, நுனி சுருங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். நுனியை ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு அதே முறை.

சுருளோடு மஞ்சள் திட்டும் குட்டையும் சேர்ந்தால் வைரஸாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வைத்தியம் இல்லை. மனம் கேட்காது, ஆனாலும் அன்றே பிடுங்கிக் கட்டிப் போடுங்கள்; வெள்ளை ஈ அடுத்த தொட்டிக்கு எடுத்துச் செல்லும்.

காயின் அடி கறுத்து அழுந்துகிறது. ஒருநாள் வறட்சி, ஒருநாள் வெள்ளம் என்று ஊற்றியிருப்பீர்கள். சுண்ணாம்புச் சத்து காய்வரை போகவில்லை. ஒரே அளவாக ஊற்றுங்கள்.

## பாகல் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது

உயரமான மாடிக்குத் தேனீ வருவது குறைவு. பூவுக்குப் பின்னால் குட்டிப் பாகல் இருந்தால் பெண், வெறும் காம்பு என்றால் ஆண். காலையிலேயே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

## இலை நிறைய இருக்கிறது, வாசனை இல்லை

உணவுக்காக வளர்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். முதலில் இலையைக் கசக்கி முகருங்கள். துளிரில் வாசனை மெலிதாகத்தான் இருக்கும். நுனியிலிருந்து நான்காவது, ஐந்தாவது ஈர்க்கைப் பறித்துப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து உரம் கொட்டி இலையைப் பெருக்கிவிட்டீர்கள். ஒரு மாதம் உரத்தை நிறுத்தி, குச்சி முக்கால் பங்கு காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். எதற்கும் அசையாவிட்டால் அந்தக் கன்றின் இயல்பே அப்படி. அடுத்த முறை வாங்கும்போது கடையிலேயே ஓர் இலையைக் கசக்கிப் பார்த்து வாங்குங்கள். சிறிய இலை, செந்நிறக் காம்பு உள்ளதைத்தான் நான் தேடுவேன்.

## தொட்டியைச் சுற்றிப் பறக்கிறது

மண்ணைக் கிளறினால் எழும் பொடிக் கறுப்பு ஈக்கள் ஈரம் அதிகம் என்பதற்கான சாட்சி. மேல் இரண்டு அங்குலம் காயவிட்டு, மேலே கொஞ்சம் மணல் பரப்பினால் போகும்.

கொசு என்றால் இன்றே செய்யுங்கள். ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும், முட்டை காய்ந்த தட்டில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். அதனால் தட்டைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். இறுகிய மேல்மண்ணைக் கிளறுங்கள், அதன்மேலும் தண்ணீர் தேங்கும். தட்டே இல்லாமல் முடியாதவர்கள் கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ மருந்துக் குருணை போடலாம். வீட்டில் யாருக்காவது திடீர்க் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் செடியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

## கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்

தண்ணீர் சொட்டுகிறது என்றுதான் வந்திருப்பார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, தொட்டிகளை அன்றே உள்ளே தள்ளி, ஊற்றும் நேரத்தை மாற்றுங்கள்: இரவு, சிறிது சிறிதாக, அடியில் வடிவதற்குமுன் நிறுத்தி. ஒரு வாரம் ஊற்றாமல் இருந்தும் அவர் கூரையில் ஈரக்கறை பெருகினால் தொட்டி காரணமில்லை. காரிடார் தளம் என்றால் நகர மன்றத்துக்குப் படத்தோடு தெரிவியுங்கள். உங்கள் பால்கனிக்கு நேர் கீழே என்றால் நீர்க்கசிவு பார்க்கும் ஒப்பந்தக்காரரை அழைத்து, அவர் சோதித்து முடிக்கும்வரை அந்த இடத்தில் ஒரு தொட்டியும் வைக்காதீர்கள்.